காப்பு யாருக்கு

"லேசா வச்சிக்கினா போதும் மாமா. தூரத்துலருந்து பாத்தா இருக்குதுன்னு தெரியணும். அவ்ளோதான்."

"தூரத்துலருந்து யாரு பாக்கப் போறாங்க மாப்ள, சாமியா?"

"ஜனங்க பாப்பாங்க."

"அப்ப துண்ணூறு ஜனங்களுக்கு. அதைச் சொல்லு. சாமி மேல பழி போடாத."

முத்துக்குமார் சிரித்துவிட்டான். தெரு முருகன் கோவிலுக்கு இந்த வருஷம் செயலாளர் ஆனவன். சண்டை போட வந்தவன் இல்லை. பழைய செயலாளராக இருந்தால் இந்த வீட்டு வாசலையே மிதித்திருக்க மாட்டார்.

பங்குனி உத்திரத்தன்று அந்த முருகனுக்கும் வள்ளிக்கும் கல்யாணம். வள்ளிக்குக் கட்டும் கூறைச்சேலை பிள்ளையார்பாளையத்தில் அந்த ஒரு தெருவிலேயே நெய்தாக வேண்டும் என்பது வழக்கம். முறை வைத்து, வருஷத்துக்கு ஒரு வீடு. முறை வந்த வீட்டுத் தறிக்காரருக்குக் கையில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். அதுதான் காப்பு. சேலையைத் தறியிலிருந்து அறுத்து எடுக்கிறவரை நெற்றியில் திருநீறு இருக்க வேண்டும், கவுச்சி கூடாது, ஊர் எல்லை தாண்டக் கூடாது. போன தடவை இந்தப் பஞ்சாட்சரம் வீட்டு முறை வந்தபோது, கோவில்காரர்கள் கேட்கக்கூட இல்லை. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

கேட்காததற்குக் காரணம் தெருவுக்கே தெரியும். பஞ்சாட்சரம் சாமி கும்பிடாதவர். கும்பிடாமல் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. கிருத்திகைக்குக் கறி எடுப்பார். மகளுக்கு ஐயர் இல்லாமல் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்தார். அம்மா செத்தபோது, கடைசிவரை பார்த்துக்கொண்டவள் தங்கச்சிதான் என்று சொல்லி, கொள்ளியை அவள் கையில் கொடுத்தார். அன்றைக்குச் சுடுகாட்டில் பாதிப்பேர் திரும்பி நின்றுகொண்டார்கள்.

"கறி வேணாம்னா விட்டுடறேன் மாப்ள. ஊர் எல்லைய தாண்டாம நான் பாட்டுக்கு உள்ளயே கெடக்கறேன். காலைல குளிச்சிட்டுத்தான் தறியில உக்காரணும்னா அது நான் எப்பவும் செய்யறதுதான். கயிறும் துண்ணூறும் மட்டும் வேணாம்."

"அது ரெண்டும்தானே மாமா காப்பு."

"அப்ப அடுத்த வீட்டுக்குப் போ. எனக்குக் கோவம் கெடயாது."

முத்துக்குமார் தறிக்கு வலப்பக்கம் பார்த்தான். வடிவாம்பாள் பலகையில் உட்கார்ந்து, கரைக்கு நூலைக் குறுக்கே எறியும் சின்னக் கட்டை நாடாவை மடியில் வைத்திருந்தாள். கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்து மிதிக்கிறவர் உடலை நெய்வார். பக்கத்தில் இன்னொருவர் கரைக்கு நாடா எறிந்தாக வேண்டும். அந்த வீட்டில் கல்யாணமான வருஷத்திலிருந்து குழியில் பஞ்சாட்சரம், கரைப்பக்கம் வடிவாம்பாள்.

"அத்த, நீங்களாவது சொல்லுங்க."

"நான் இன்னா சொல்றது தம்பி. டீ குடிச்சிட்டுப் போ."

"வெள்ளிக்கெழமை கோவில்ல கூட்டம் இருக்குது. அதுவரைக்கும் நான் யாருக்கும் சொல்லல."

அவன் போன பிறகு பஞ்சாட்சரம் மிதியை மிதித்தார். நாடா போயிற்று. கரைப்பக்கத்து நாடா வரவில்லை. திரும்பிப் பார்த்தார். வடிவாம்பாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தூசி," என்றாள்.

"பட்டுல ஏது தூசி?"

"இருக்குது. உங்களுக்குத் தெரியாது."

மறுநாள் சாயங்காலம் உதயகுமார் வந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் சிந்தனை மன்றம் என்று ஒன்று நடத்துகிற கூட்டத்தில் அவன்தான் துடியானவன். மாசத்துக்கு ஒரு தடவை பஞ்சாட்சரமும் அங்கே போய்ப் பேசிவிட்டு வருவார்.

"தோழரே, ஒரு சேதி காதுல விழுந்துது. நம்பல நானு."

"நம்பு. வள்ளிக்குச் சேலை நெய்யக் கேட்டாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"நெய்யறேன்னு சொன்னேன். கயிறு கட்டமாட்டேன்னு சொன்னேன்."

"நெய்யறேன்னு சொன்னீங்களா?" உதயகுமார் நாற்காலியின் நுனிக்கு வந்தான். "சாமி இல்லன்னு மேடையில பேசிட்டு சாமிக்குச் சேலை நெஞ்சா, மன்றத்துல இன்னா நெனப்பாங்க?"

"போன மாசம் ஒரு நகைக்கடை மொதலாளி பொண்ணுக்கு நெஞ்சேன். அந்தாளு மேல நம்பிக்கை வச்சா நெஞ்சேன்?"

"அது தொழில்."

"இதும் தறியிலதான் நெய்யறாங்க. இந்தத் தெரு கேக்குது. என் வூட்டுக்காரி ஆசைப்படறா."

உதயகுமார் யோசித்தான். "சரி, ஒண்ணு பண்ணலாம். நெய்யறதுன்னு ஆயிடுச்சுன்னா கறுப்புச் சட்டை போட்டுக்கினு நெய்யுங்க. ஒரு போட்டோ எடுத்து குரூப்ல போட்டுடறேன். அதுவே ஒரு பதிலா இருக்கும்."

"தறிக்குழியில எவன்பா சட்டை போட்டுக்கினு உக்காருவான்? வேர்த்து ஊத்தும்."

"ஒரு அஞ்சு நிமிசம்."

"அவனுக்கு நெத்தியில ஒண்ணு வேணும். உனக்கு ஒடம்புல ஒண்ணு வேணும். என்னை எவனும் என் தோலோட வுட மாட்டேங்கிறீங்க."

வடிவாம்பாள் டீயை நீட்டினாள்.

"தம்பி, உங்க மன்றத்துல பொம்பளைங்க எத்தினி பேரு?"

"வருவாங்கக்கா. விழாவுக்கெல்லாம் வருவாங்க."

"வந்து?"

"சாப்பாடு ஏற்பாடெல்லாம் அவங்கதான்..." உதயகுமார் டீயை ஊதினான்.

"நல்லா இருக்கும் சாப்பாடு," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும், தட்டில் கை கழுவிக்கொண்டே பஞ்சாட்சரம் சொன்னார்.

"வடிவு, உனக்கு அவ்ளோ ஆசைன்னா வச்சிக்கறேன். ஒரு கீத்து. கயிறும் கட்டட்டும். கொஞ்ச நாளைக்குத்தானே."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கேக்குதா?"

"கேக்குது. வேணாம்."

"ஏன்? நீதானே அழுத."

"ஆமா, அழுதேன். உங்களைக் கட்டிக்கினு வந்த நாள்ளருந்து எங்கம்மா வீட்டுல இன்னா பேச்சு தெரியுமா? பேரு மட்டும் பஞ்சாட்சரம், ஊரே கூப்ட்டுக் கூப்ட்டுப் புண்ணியம் தேடிக்குது, அவனுக்கு மட்டும் ஒண்ணும் ஏறலன்னு சிரிப்பாங்க. நான் இன்னா சொல்லுவேன்? மனசுல இல்லாதத எங்க வூட்டுக்காரர் வாயால சொல்லமாட்டாருன்னு சொல்லுவேன். எங்கிட்ட இருந்தது அந்த ஒரு பதில்தான். அதையும் புடுங்கிடாதீங்க."

"அப்ப சேலை?"

"சேலை வேணும்."

"ரெண்டும் எப்படி?"

"தெரியல."

தெரியாமலேயே இரண்டு நாள் போயிற்று. வியாழக்கிழமை காலை டேனியல் வந்தான். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவன். கூலிக்கு நெய்கிறவன். யார் வீட்டில் ஆள் குறைந்தாலும் போய்க் கரைப்பக்கம் உட்காருவான். பஞ்சாட்சரத்திடம் இழையை அடித்து நெருக்கும் அச்சு ஒன்று இரவல் கேட்டு வந்திருந்தான். அவர் பரணில் தேடும்போது வடிவாம்பாள் டீ கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏம்பா டேனியலு, போன வருஷம் தர்மன் அண்ணன் வூட்டுல வள்ளி சேலைக்குக் கரை எறிஞ்சது நீதானே?"

"நான்தான்கா. அவரு சம்சாரத்துக்குத் தோள்வலி."

"உனக்கும் காப்பு கட்டினாங்களா?"

"எனக்கா? கரை எறியறவனுக்கு எதுக்குக்கா காப்பு? அதெல்லாம் குழியில உக்காந்திருக்கற தறிக்காரருக்குத்தான். நான் ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போயிக்கினு, மத்தியானம் பிரியாணி துன்னுக்கினு, நல்லாத்தான் எறிஞ்சேன். வள்ளியம்மா ஒண்ணும் சொல்லல."

வடிவாம்பாள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா?"

"ஒண்ணுமில்ல. இன்னொரு டீ குடிக்கிறியா?"

டேனியல் அச்சை வாங்கிக்கொண்டு போனதும் அவள் தறிக்குப் போனாள். தன் பலகைக்குப் போகவில்லை. சேலையை முழங்காலுக்கு ஒதுக்கிக்கொண்டு குழிக்குள் இறங்கி உட்கார்ந்தாள்.

டேனியலை வாசல்வரை விட்டுவிட்டு, பஞ்சாட்சரம் பரண் தூசியைக் கை தட்டி உதறியபடி வந்தார்.

"இன்னா, எதனா கீழ வுழுந்துடுச்சா?"

"இல்ல. நான் நெய்யறேன். எனக்குக் காப்பு கட்டட்டும். நீங்க கரைப்பக்கம் உக்காருங்க. கரைக்காரருக்குக் கயிறும் வேணாம், துண்ணூறும் வேணாம். டேனியல் சொல்லிட்டான்."

பஞ்சாட்சரம் சிரித்தார். நல்ல யோசனை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"நான் அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கம்தான் நான் இத்தினி வருஷமா இருக்கேன். பாம்பு ஒண்ணும் இல்ல."

"அதுக்கில்ல வடிவு. உனக்கு முட்டிவலி. மிதி மிதிக்கணும்."

"முட்டி என்னுது."

"சாமி சேலை. கெட்டுப்போச்சுன்னா பேரு போயிடும்."

"சிக்கன்குனியாவுல நீங்க படுத்துக் கெடந்தப்ப தறியில பாதியில நின்ன சேலைய யாரு முடிச்சது?"

"அது அவசரத்துக்கு. யாருக்கும் தெரியாது."

"ஆமா. யாருக்கும் தெரியாது."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். மறுபடி எடுத்துக் கொடியில் போட்டார்.

"தெருவுல சிரிப்பானுங்க. பொண்டாட்டிக்குக் கையாளா உக்காந்திருக்கான்னு."

"உங்க தங்கச்சி கொள்ளி வச்சப்பவும்தான் சிரிச்சாங்க. நீங்க இன்னா சொன்னீங்க? சிரிக்கறவன் வாய் வலிக்கிற வரைக்கும் சிரிக்கட்டும்னீங்க."

"அது தங்கச்சிக்கு."

"இது உங்களுக்கு."

"நீ ரொம்பப் பேசற."

"சாமி இல்லன்னு சொல்றீங்க, அது உங்களுக்குச் சுலபமா வருது. ஐயர் வேணாம்னீங்க, அதும் சுலபமா வந்துது. இந்த ரெண்டு முழம் தள்ளி உக்காருங்கன்னா மட்டும் மூஞ்சி சுண்டிப்போவுது."

பஞ்சாட்சரம் செருப்பைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அங்கே யாரோ அரசியல் பேசினார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று கடைக்காரர் கேட்டார். வீட்டுக்கு வந்தபோது வடிவாம்பாள் குழியிலிருந்து எழுந்து சமையலுக்குப் போயிருந்தாள். மத்தியானம் வழக்கம்போல அவர் குழியிலும் அவள் பலகையிலும் உட்கார்ந்து நெய்தார்கள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அவள் தனியாகக் கிளம்பினாள். தெருமுனை வரும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவளைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, வாசலிலேயே நிற்பது அவர் வழக்கம். அன்றைக்கும் வாசலில் நின்றார்.

உள்ளே ஜமுக்காளத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லாரும் ஆம்பிளைகள். தெருவுக்குப் பெரியவரான தர்மன் தூணில் சாய்ந்திருந்தார். காப்பு கட்டுகிற உரிமை அவருடையது.

காப்பைத் தன் கையில் கட்டும்படி வடிவாம்பாள் கேட்டாள்.

"பொம்பளைக்குக் காப்பு கட்டற பழக்கம் இல்லியே அத்த," என்றான் முத்துக்குமார்.

"கட்டக் கூடாதுன்னு இருக்குதா, கட்டினது இல்லியா?"

"கட்டினது இல்ல."

"அப்ப கட்டுங்க."

தர்மன் தொண்டையைச் செருமினார். "அதுக்கில்லம்மா. விரதம் இருக்குது. நடுவுல உங்களுக்கு, பொம்பளைங்களுக்கு, மாசத்துல..."

"அந்தத் தொல்லையெல்லாம் எனக்கு எப்பவோ முடிஞ்சு போச்சுண்ணே. முடியலன்னாத்தான் இன்னா, வள்ளிக்குத் தெரியாத சங்கதியா அது?"

ஜமுக்காளத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஜமுக்காளத்தைப் பார்த்தார்கள். ஒருவர் செல்போனை எடுத்து அணைந்திருந்த திரையைப் பார்த்தார்.

"சரிம்மா, சரி," தர்மன் அவசரமாகச் சொன்னார். "ஆனா காப்பு தறிக்காரருக்குத்தானே. உங்க வூட்டுல தறிக்காரரு பஞ்சாட்சரம். அவரு கையால நெஞ்சிட்டு, கயிறு மட்டும் உங்க கையில கட்டினா அது பொய்க்கணக்கு ஆயிடும். சாமி காரியம்."

"நான்தான்ணே நெய்யப் போறேன்."

"நீங்க சொல்லுவீங்க. அவரு சொல்லணும்."

எல்லாரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். பஞ்சாட்சரம் படிக்கு வெளியே நின்றிருந்தார். பக்கத்தில் பூக்காரி, சைக்கிளில் காலூன்றி நின்ற இரண்டு பேர், பால் வாங்கி வந்த எதிர்வீட்டுத் தேவகி எல்லாரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வடிவாம்பாள் மட்டும் திரும்பவில்லை. முருகனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பஞ்சாட்சரம்," தர்மன் குரல் கொடுத்தார். "உங்க வூட்டுல யாருய்யா தறிக்காரரு?"

கோவிலுக்குள் வந்து பேசச் சொல்லியிருந்தால் மறுத்திருப்பார். சாமி உண்டா இல்லையா என்று கேட்டிருந்தால் தெருவே கேட்கும்படி பதில் சொல்லியிருப்பார். இந்தக் கேள்விக்கு, பக்கத்தில் நின்றவர்களை ஒரு தடவை பார்த்தார், பிறகு வடிவாம்பாளின் முதுகைப் பார்த்தார்.

"அவதான்."

"சத்தமா சொல்லுய்யா."

"தறிக்காரி வடிவாம்பா. நான் கரைக்கு ஆளு."

சைக்கிள்காரரில் ஒருவர் பக்கென்று சிரித்தார். தேவகி திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு இருமலாக மாறியது.

தர்மன் மஞ்சள் கயிற்றை எடுத்தார். பழக்கத்தில் வலது கையைக் கேட்டார். வடிவாம்பாள் இடது கையை நீட்டினாள். பொம்பளைக்கு இடது கைதான் என்று யோசித்து, அவர் முடிச்சைப் போட்டார்.

"இதோட பழக்கம் ஆயிடுச்சும்மா," என்றார், சந்தோஷமா வருத்தமா என்று தெரியாத குரலில்.

கிளிப்பச்சை உடல், அரக்குக் கரை. நல்ல நாள் பார்த்து நெய்ய ஆரம்பித்தார்கள். வடிவாம்பாள் தலை குளித்து, நெற்றி நிறையத் திருநீறு வைத்துக்கொண்டு, தறியைத் தொட்டுக் கும்பிட்டுக் குழியில் இறங்கினாள். பஞ்சாட்சரம் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காலுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"சாமி கும்ட்டாச்சா? நேரமாவுது."

"ஆச்சு. எறிங்க."

அவள் மிதித்தாள். அவள் நாடா போயிற்று, அவர் நாடா வந்தது. இரண்டு நூலையும் கோத்து வாங்கிக்கொண்டு அவள் அச்சுப்பலகையை இழுத்து அடித்தாள். ஒரு விரற்கடை வளர்வதற்குள் அவர் கை தானாக நீண்டு, அவள் அடித்து முடித்த பலகையை இன்னொரு தரம் இழுத்து அடித்துவிட்டது. இத்தனை வருஷமாகப் பலகை அடித்த கை.

பச்சையில் கோடு போட்டதுபோல் ஒரு வரி நெருங்கி இறுகிப்போய்த் தெரிந்தது.

"இன்னா பண்றீங்க?"

"கை போயிடுச்சு."

"ரெட்டை அடி. பிரிக்கணும்."

"இருக்கட்டும். யாரு பாக்கப் போறா?"

"ஜனங்க பாப்பாங்க," என்றாள் வடிவாம்பாள், முத்துக்குமாரின் குரலில். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இழை இழையாகப் பிரித்தார்கள். அதற்கப்புறமும் இரண்டு தடவை அவர் கை போயிற்று. மூன்றாவது தடவை அவள் பேசாமல் கையைத் தட்டிவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து உதயகுமார் எட்டிப் பார்த்தான். சட்டையில்லாமல் கரைப்பக்கம் உட்கார்ந்திருந்தவரை மேலும் கீழும் பார்த்தான்.

"தோழரே, இந்தப் பக்கம் வந்துட்டீங்க?"

"வந்துட்டேன். சாமிய வுடறது எனக்கு ஒரு நாள் வேலையா இருந்துது தம்பி. இது இடுப்பை ஒடிக்குது."

"போட்டோ எடுத்துக்கட்டா?"

"எடு. குரூப்ல போடு. கீழ இன்னா எழுதுவ?"

உதயகுமார் செல்போனை உயர்த்தினான். ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு எடுக்காமலே பையில் போட்டுக்கொண்டான்.

"கரையாளு பேசிக்கினே இருந்தா சேலை வளராது," என்றாள் வடிவாம்பாள். "எறிங்க."

உத்திரத்தன்று சாயங்காலம் முருகனும் வள்ளியும் கல்யாணக் கோலத்தில் தெருவில் வந்தார்கள். பெட்ரோமாக்ஸ் காலம் போய் இப்போது ஜெனரேட்டர் விளக்கு. வெளிச்சத்தில் கிளிப்பச்சை கண்ணைப் பறித்தது. வடிவாம்பாள் வாசலில் கற்பூரத் தட்டோடு நின்றாள். சேலையை அறுத்த அன்றே காப்பை அவிழ்த்துவிட்டார்கள். மணிக்கட்டில் மஞ்சள் தடம் மட்டும் இருந்தது. பஞ்சாட்சரம் கைகட்டிப் பக்கத்தில் நின்றார்.

சாமி அவர்கள் வீட்டு முன்னால் நின்றது. வடிவாம்பாளுக்குக் கண் நிறைந்து சாமி கலங்கலாகத் தெரிந்தது. தட்டை உயர்த்தினாள். பக்கத்தில் அவர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பது தெரிந்தது. ஆச்சரியத்தோடு திரும்பினாள்.

"இன்னாங்க, கும்பிடறீங்களா?"

"இல்ல. கரை நேரா வந்திருக்குது, பாத்தியா? எங்கயும் இழுக்கல."

"சாமிய பாருங்கன்னா கரைய பாக்கறீங்க."

"நான் போட்டது அதானே."

பல்லக்கு தூக்குகிறவர்கள் நகர ஆரம்பித்தார்கள். அவர் இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பச்சை உடலும் நல்லாத்தான் வந்திருக்குது," என்றார்.

"அப்பிடியா," என்று வடிவாம்பாள் சொன்னாள். "அடுத்த பாவு திங்கக்கெழம ஏத்தணும். எந்தப் பக்கம் உக்காரப் போறீங்க?"

"முட்டி எப்படி இருக்குது உனக்கு?"

"நல்லா இருக்குது."

பஞ்சாட்சரம் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்.

"அப்ப ஒரு தலகாணி வாங்கணும்," என்றார். "அந்தப் பலகை ரொம்பக் கெட்டியா இருக்குது. எப்படி உக்காந்திருந்தியோ."